ஒற்றைச் சக்கரம் பழக எத்தனை நாள்? – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். யூனிசைக்கிள் பழகியதைப் பற்றி நீங்கள் சென்ற ஆண்டு எழுதியதைப் படித்தபிறகு எனக்கும் ஆசை வந்து ஒன்று வாங்கினேன். 20 அங்குலச் சக்கரம். எனக்கு வயது 44. ஒன்பது நாளாகத் தினமும் அரை மணி நேரம் பழகுகிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய்விடுகிறேன். கையை எடுத்தால் ஒன்றரைச் சுற்று, மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்குமேல் வரவில்லை. தொடை கடுத்துப்போகிறது. என் பத்து வயது மகள் அதே சைக்கிளில் சீட்டை இறக்கிக்கொண்டு நான்கே நாளில் பதினைந்து அடி ஓட்டிவிட்டாள். இதைக் கற்றுக்கொள்ள உண்மையில் எத்தனை நாள் ஆகும்? என் வயதில் இது வருமா, இல்லை விட்டுவிடலாமா? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சிதான். எந்த வேளையில் எங்கே இருக்க வேண்டுமோ, அங்கேதான் இருக்கிறீர்கள்.

ஒன்பது நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் அரை மணி என்றால் மொத்தம் நாலரை மணி நேரம். இதை நாளில் கணக்கிட்டால் மனம் சோர்ந்துவிடும், மணியில் கணக்கிடுங்கள். பெரியவர்களில் பெரும்பாலோர் பிடிப்பு எதுவும் இல்லாமல் ஐம்பது மீட்டர் போக 10 முதல் 15 மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆறு மணி நேரத்தில் ஓட்டியவர்களும் உண்டு, இருபத்தைந்தைத் தாண்டியவர்களும் உண்டு. எனக்குப் பதினான்கு மணி நேரம் ஆயிற்று. நீங்கள் மூன்றில் ஒரு பங்குதான் வந்திருக்கிறீர்கள்.

உங்கள் மகளின் விஷயமும் இப்படித்தான். 20 அங்குலச் சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் போகும். பதினைந்து அடி என்பது மூன்று சுற்று. நீங்கள் இரண்டு, அவள் மூன்று, அவ்வளவுதான். ஆனால் அந்த நான்கு நாளில் அவள் எத்தனை முறை ஏறி இறங்கினாள் என்று பார்த்தீர்களா? குழந்தைகள் விழுந்த அடுத்த நொடி மறுபடி ஏறிவிடுவார்கள். நாம் எழுந்து, ஏன் விழுந்தோம் என்று யோசித்து, மூச்சு வாங்கி, அப்புறம்தான் ஏறுகிறோம். அவர்களுடைய உடம்பு இலேசு, பயம் குறைவு, உண்மைதான். ஆனால் பெரிய வித்தியாசம் எண்ணிக்கையில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அரை மணியில் நாற்பது முறையாவது ஏறுகிறீர்களா என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.

இனி அந்த ஒன்றரைச் சுற்றுக்கு வருகிறேன்.

சாதாரண சைக்கிளில் முன்பின் பேலன்ஸைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. இரண்டு சக்கரம் அதைப் பார்த்துக்கொள்கிறது. பக்கவாட்டில் சாய்ந்தால் மட்டும் ஹேண்டில்பாரைத் திருப்பிச் சமாளிக்கிறோம். யூனிசைக்கிளில் இரண்டு வேலையும் நம் தலையில். முன்னால் சாய்ந்தால் வேகமாக மிதித்துச் சக்கரத்தை உடம்புக்கு அடியில் கொண்டுவர வேண்டும், பின்னால் சாய்ந்தால் மிதிப்பைத் தணிக்க வேண்டும். பக்கவாட்டுக்கு ஹேண்டில்பார் கிடையாது, இடுப்பைத் திருப்பித்தான் சக்கரத்தைத் திருப்ப முடியும். விரல் நுனியில் கோலை நிறுத்தி வைக்கும் விளையாட்டு தெரியுமல்லவா? கோல் எந்தப் பக்கம் சாய்கிறதோ, விரல் அந்தப் பக்கம் ஓடும். இங்கே நீங்கள் கோல், சக்கரம் விரல்.

அதோடு, மிதிப்பதை நிறுத்திவிட்டு உருள விட முடியாது. 1870களில் புழங்கிய பெரிய முன்சக்கர சைக்கிளில் பெடல் நேராகச் சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும். யூனிசைக்கிள் அதிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். இதிலும் அப்படியே: சங்கிலி இல்லை, சக்கரம் சுற்றினால் பெடல் சுற்றும், பெடல் நின்றால் சக்கரம் நிற்கும். இப்போது நீங்கள் விழுகிற கணத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு பெடல் உச்சியிலும் மற்றது அடியிலும் இருக்கும். அந்த நிலையில் எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் நகராது, விசை நேரே அச்சுக்குள் இறங்கிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் இது இரண்டு முறை வரும். பழகியவர்கள் கொஞ்சம் வேகத்தோடு அதைக் கடந்துவிடுகிறார்கள். புதியவர்கள் பயத்தில் மெதுவாக மிதித்து, சரியாக அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். நீங்களும் அங்கேதான் மாட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தொடை கடுப்பதும் இதையேதான் சொல்கிறது: நீங்கள் உட்காரவில்லை, பெடல்மேல் நிற்கிறீர்கள். இரண்டு காலும் கீழே அழுத்தினால் ஒன்று மற்றதை எதிர்க்கும். உங்கள் எடை முழுவதையும் சீட்டில் இறக்குங்கள். கால்கள் சுற்ற மட்டும் செய்யட்டும். இதைக் கேட்க எளிதாக இருக்கும், உடம்பு ஒப்புக்கொள்ளத்தான் பல மணி நேரம் ஆகிறது. எனக்கு ஆன பதினான்கு மணியில் பாதி இதற்கே போயிற்று.

சீட் தாழ்வாக இருந்தாலும் எடை காலுக்குப் போய்விடும். சீட்டில் உட்கார்ந்து, ஒரு பெடலை அடியில் வைத்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நிமிர வேண்டும். மகளுக்காக இறக்கிய சீட்டை ஒவ்வொரு முறையும் மறக்காமல் ஏற்றுகிறீர்களா?

சுவர். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கண்டிப்பான கருத்து உண்டு. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சுவர் வேண்டும். ஏறி உட்காரவும், பெடல் காலுக்குப் பழகவும் அது உதவுகிறது. அதற்குமேல் தடை. கை சுவரில் இருக்கும்வரை பக்கவாட்டு பேலன்ஸை உடம்பு கற்றுக்கொள்ளவே கொள்ளாது. அந்த வேலையைத்தான் கை செய்துவிடுகிறதே. நானும் எட்டு மணி நேரம் சுவரோடு சுவராகப் போய்வந்தேன். ஒன்பதாவது மணியிலும் கையை விட்டால் மூன்றே சுற்று. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் முதுகைச் சுவருக்குக் காட்டி, பெடல்களைத் தரைக்கு இணையாக வைத்து, அங்கிருந்து நேராக வெட்டவெளியை நோக்கி மிதிக்க ஆரம்பித்தேன். பிடிக்க எதுவும் இல்லாத பக்கம். அன்றைக்கு நாலு, ரெண்டு, நாலு. அடுத்த நாள் ஏழு. அதற்கடுத்த நாள் மறுபடி மூன்று. பிறகு ஒரு மாலை திடீரென்று பதினொன்று. படிப்படியாக ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள், இதில் அப்படி ஏறாது. மிதிக்கும்போது பார்வை தூரத்தில் ஒரு மரத்திலோ கம்பத்திலோ இருக்கட்டும். சக்கரத்தைப் பார்த்தால் இடுப்பு மடங்கும், மடங்கினால் விழுவீர்கள்.

தினமும் அரை மணி என்ற உங்கள் ஏற்பாடு மிகச் சரி, மாற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக நாலு மணி நேரம் பழகுவதைவிட இது நல்லது. உடம்பு கற்றதைத் தூக்கத்தில்தான் கெட்டிப்படுத்திக்கொள்கிறது. நேற்று வராதது இன்று காலையில் முதல் முயற்சியிலேயே வந்து நிற்பது இதனால்தான். ஜப்பானில் பல தொடக்கப் பள்ளிகளில் யூனிசைக்கிள்களை வாங்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இடைவேளையில் கம்பியைப் பிடித்தும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தும் பழகுகிறார்கள். தினமும் கொஞ்ச நேரம்தான், ஆனால் தினமும்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட், மணிக்கட்டு உறை, முழங்கால் உறை மூன்றும் போடுங்கள். முன்னால் விழுந்தால் பெரும்பாலும் காலில் இறங்கிவிடலாம். பின்னால் சாயும்போது சக்கரம் முன்னே பாய்ந்துவிடும், அப்போது கையைத்தான் ஊன்றுவோம், மணிக்கட்டு அடிபடும். சைக்கிளைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், அது விழட்டும். ஷூ லேஸின் நுனியை உள்ளே செருகிக்கொள்ளுங்கள், பெடலை அச்சோடு இணைக்கும் கிராங்க் தண்டில் சுற்றிக்கொண்டால் கால் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று: இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டியது. இடது பெடல் உங்கள் இடது காலின் அடியில் இருக்கும்படிதான் ஓட்ட வேண்டும். சீட் முன்பின்னாகத் திரும்பியிருந்தால் பெடல் தானாகக் கழன்று, கிராங்கின் மரையே போய்விடும். பெடலில் இடதுக்கு L, வலதுக்கு R என்று எழுத்து பொறித்திருப்பார்கள், இன்றைக்கே பாருங்கள்.

வயதைக் கேட்டீர்கள். 44 இதற்கு ஒரு வயதே இல்லை. அறுபதைத் தாண்டிக் கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் கூடுதல் மணி நேரம் ஆகலாம், உடம்பு வலி ஆற ஒரு நாள் அதிகம் பிடிக்கலாம். வேறு ஒன்றும் இல்லை.

ஐம்பது மீட்டர் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பிடிப்பில்லாமல் தரையிலிருந்து ஏறுவதற்குத் தனியாகச் சில மணி நேரம் ஆகும். நினைத்த பக்கம் திரும்ப இன்னும் கொஞ்சம். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் அசைந்து நிற்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதையெல்லாம் இப்போது நினைக்க வேண்டாம்.

ஒரு சிறு நோட்டில் தேதி, எத்தனை முறை ஏறினீர்கள், அதிகபட்சம் எத்தனை சுற்று என்று மட்டும் குறித்து வையுங்கள். பதினைந்து மணி நேரம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். மகளையும் தனியாக ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், அதையும் பார்க்க எனக்கு ஆசை.

அன்புடன்.