நிறுத்திய மாத்திரையும் ஒரே இரவில் வந்த இரண்டு வலிப்புகளும்

கேள்வி: எங்கள் லாப்ரடார் நாய் சீசருக்கு மூன்றரை வயது. கடந்த ஆறு மாதங்களில் ஐந்து முறை வலிப்பு வந்திருக்கிறது. மூன்றாவது முறைக்குப் பிறகு மருத்துவர் ஃபீனோபார்பிட்டோன் மாத்திரை தொடங்கினார். இரண்டு மாதம் கொடுத்தோம். அப்போது வலிப்பு வரவில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற கல்லீரல் நொதி அதிகம் என்று வந்தது. இந்த மாத்திரை கல்லீரலை அழித்துவிடும் என்று இணையத்தில் படித்ததால் நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயும், என் மாமனார் சாப்பிடும் வலிப்பு மாத்திரையான ஃபெனிட்டாயினில் பாதியும் கொடுத்துப் பார்த்தோம். நிறுத்திய நான்காம் நாள் ஒரே இரவில் இரண்டு முறை வந்தது. அக்கம்பக்கத்தார் வெறிநோய் என்கிறார்கள். வீட்டில் ஆறு வயதுப் பையன் இருக்கிறான். சீசர் கத்திக்கொண்டு கால்களை உதைப்பதைப் பார்க்க முடியவில்லை. ஊசி போட்டு அதன் வேதனையை முடித்துவிடலாமா?

பதில்: வலிப்பு நேரத்தில் சீசருக்கு வலி தெரிவதில்லை. உடல் முழுவதும் விறைத்து உதறும் இந்த வகை வலிப்பில் மூளையின் இரு பாதிகளும் ஒரே நேரத்தில் மின்கிளர்ச்சிக்கு ஆளாவதால் நாய்க்கு நினைவே இருப்பதில்லை. நீங்கள் கேட்ட அந்தக் கத்தல், மார்புத் தசைகளும் தொண்டைத் தசைகளும் தாமாக இறுகிக் காற்றை வெளியே தள்ளுவதால் எழும் ஓசை. அது உங்களைக் கூப்பிட்ட குரல் அன்று. நுரையும் சிறுநீரும் அப்படியே தன்னறிவின்றி நடப்பவை. பார்க்கிறவருக்குத்தான் அந்த இரண்டு நிமிடங்கள் தாங்க முடியாதவை. அதை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு மாதம் ஒரே மருந்துக்கு முழுமையாகக் கட்டுப்பட்டிருந்த மூன்றரை வயது நாயின் உயிரை முடிப்பதைப் பற்றிப் பேசும் கட்டத்தில் நாம் இல்லை.

என்னைக் கவலைப்பட வைத்தது நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்ட செய்திதான்: ஒரே இரவில் இரண்டு முறை. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வலிப்பு வந்தால் அதைத் தொடர் வலிப்பு என்கிறோம். மாதத்துக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும் வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாக அடங்கிவிடும். தொடர் வலிப்பு அப்படிப்பட்டதன்று. ஒன்றிலிருந்து மீள்வதற்குள் அடுத்தது வந்து, இறுதியில் இடைவெளியே இல்லாமல் நீளும் நிலைக்கு அது கொண்டுபோய்விடக்கூடும். சீசருக்கு அது வந்தது நோய் திடீரென்று முற்றியதால் என்று நான் நினைக்கவில்லை. ஃபீனோபார்பிட்டோனுக்குப் பழகிவிட்ட மூளையிலிருந்து அந்த மருந்தை ஒரே நாளில் பறித்தால், அந்தப் பறிப்பே வலிப்பைத் தூண்டும். நான்காம் நாள் என்று நீங்களே நாளைக் குறித்திருக்கிறீர்கள். இந்த மருந்தைக் குறைக்க வேண்டிய தேவை உண்மையிலேயே வந்தாலும், மருத்துவர் மேற்பார்வையில், வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், படிப்படியாகத்தான் குறைப்போம். ஆகவே இதைப் படித்து முடித்தவுடன் சீசரைப் பார்த்துவந்த மருத்துவரை அழைத்து, நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். பழைய அளவிலேயே தொடங்குவதா, முதல் நாளில் கூடுதலாகத் தர வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். விட்டதை ஈடு கட்டுவதாக எண்ணி நீங்களாக இரட்டிப்பு அளவு கொடுத்துவிட வேண்டாம்.

கல்லீரலைப் பற்றி நீங்கள் படித்ததில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்தானது. ஃபீனோபார்பிட்டோன் எடுக்கும் நாய்களில் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் உயர்வது எதிர்பார்க்கப்படும் ஒன்று. மருந்து கல்லீரலை அந்த நொதியைக் கூடுதலாக உற்பத்தி செய்ய வைக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். கல்லீரல் அழிகிறது என்பதன்று. உண்மையான பாதிப்பைக் கண்டறிய அல்புமின், பித்த அமிலம் போன்றவற்றைப் பார்ப்போம். கூடவே ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்ப்போம். தொடங்கி அல்லது அளவை மாற்றி இரண்டு வாரம் ஆன பிறகே அந்த அளவு நிலைபெறும். மில்லிலிட்டருக்கு 15 முதல் 40 மைக்ரோகிராம் வரை என்பது பயன்தரும் எல்லை. 35-ஐத் தாண்டும்போதுதான் கல்லீரலுக்கான அபாயம் குறிப்பிடத்தக்க அளவில் ஏறுகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்தப் பரிசோதனைகளைச் செய்துவிட்டால், கெடுதல் நடப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். சாப்பிட மறுப்பது, தொடர்ந்து வாந்தி, கண்வெள்ளையும் ஈறும் மஞ்சளாவது ஆகியவற்றைக் கண்டால் அன்றே பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரத் தள்ளாட்டத்துக்கும், எப்போதும் பசி, தாகம் என்று திரிவதற்கும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. தள்ளாட்டம் போய்விடும். பசி போகாது, அதனால் சோற்றை அளந்து போடுங்கள், லாப்ரடார் கேட்கிறதே என்று மனமிரங்கிப் போட்டால் ஆறு மாதத்தில் மூட்டுவலியோடு வருவீர்கள்.

மாமனாரின் மாத்திரையை இனித் தொடாதீர்கள். மனிதருக்கு நல்ல மருந்தான ஃபெனிட்டாயினை நாயின் உடல் சில மணி நேரத்திலேயே சிதைத்து வெளியேற்றிவிடுகிறது. பயன் தரும் அளவு ரத்தத்தில் நிற்பதே இல்லை. அதாவது அந்த நான்கு நாளும் சீசர் மருந்தே இல்லாமல்தான் இருந்தது. மனிதருக்கும் நாய்க்கும் ஒரே பெயருள்ள நோய் இருப்பதால் ஒரே மாத்திரை வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தேங்காய் எண்ணெயின் கதையும் அப்படித்தான். நடுத்தர நீளக் கொழுப்பு சேர்த்த உணவு சில நாய்களில் வலிப்பின் எண்ணிக்கையைக் குறைத்ததாக 2015-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது உண்மை. அந்த நாய்கள் அப்போதும் தங்கள் வலிப்பு மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தன. அந்தக் கொழுப்பும் சமையலறைத் தேங்காய் எண்ணெயும் ஒன்றல்ல. மிகுதியான எண்ணெய் கணைய அழற்சியைக் கொண்டுவரலாம்.

வெறிநோய் இல்லை. வெறிநோயின் அறிகுறி தோன்றிய நாய் பெரும்பாலும் பத்து நாளைத் தாண்டுவதில்லை. சீசர் ஆறு மாதமாகச் சாப்பிட்டு, விளையாடி, உங்கள் வீட்டில் உலவுகிறது. வலிப்பு பையனுக்குத் தொற்றவும் செய்யாது. ஆனால் வலிப்பு நேரத்திலும், அது முடிந்த உடனேயும் நாய்க்கு நீங்கள் யாரென்று தெரியாது. அந்த நேரத்தில் முகத்தருகே கை போனால் கடித்துவிடும். கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாயாயிற்றே என்று இருந்துவிடாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அடுத்த வலிப்பு வரும்போது நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. கைபேசியில் நேரத்தை ஓடவிடுங்கள்; பயத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் படம் பிடிக்கட்டும், எந்த வருணனையைவிடவும் அந்தக் காட்சி மருத்துவருக்குப் பயன்படும். விளக்கைத் தணித்து, தொலைக்காட்சியை நிறுத்தி, மின்விசிறியைப் போடுங்கள். கட்டில் விளிம்பிலோ படிக்கட்டுக்கு அருகிலோ இருந்தால் முதுகுப்பக்கமாக நின்று மெதுவாக நகர்த்தி, தலைக்கடியில் ஒரு துணியை வையுங்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் உதவி. இரும்புச் சாவியைக் காலில் வைப்பதும், வெங்காயத்தை முகரச் செய்வதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் எதையும் நிறுத்துவதில்லை. ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். நாய் தன் நாக்கை விழுங்குவதில்லை. நாக்கை இழுத்துப் பிடிக்கப் போய் விரல் கிழிந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து நிமிடம் ஆகியும் உதறல் நிற்கவில்லை என்றால் அது உயிருக்கு ஆபத்தான அவசரநிலை. நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். வலிப்பைத் தானாக அணைக்கும் மூளையின் இயல்பு அந்த எல்லைக்குப் பிறகு தோற்கத் தொடங்குகிறது. தசைகள் ஓயாமல் உதறுவதால் உடல் வெப்பம் 105 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். சர்க்கரையும் பிராணவாயுவும் குறையும். பிறகு வலிப்பு நின்றாலும் மூளையில் தழும்பு மிஞ்சலாம். இதே அவசரம், ஒரு வலிப்பு முடிந்து முழு நினைவு திரும்பும் முன்பே அடுத்தது வந்தாலும் உண்டு. ஒரு நாளைக்குள் இரண்டாவது வலிப்பு வந்தால், நடுவில் நன்றாக எழுந்து நடந்திருந்தாலும், அன்றே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். வண்டியில் போகும் வழியில் வயிற்றிலும் பாதங்களிலும் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடையுங்கள், பனிக்கட்டி வேண்டாம்.

இந்த ஐந்து நிமிடத்துக்காகவே வீட்டில் ஓர் அவசர மருந்து இருக்க வேண்டும். தொடர் வலிப்பு வந்த நாய்க்கு, மலவாய் வழியாகச் செலுத்தும் டயசிபாமோ மூக்கில் தெளிக்கும் மிடசோலாமோ தரலாம். எது, எவ்வளவு என்பதைச் சீசரின் எடையையும், அது ஃபீனோபார்பிட்டோன் எடுப்பதையும் கணக்கில் கொண்டு மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். அதனால் அளவை இங்கே எழுதவில்லை. எப்படிச் செலுத்துவது என்று அவரை ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். டயசிபாமைப் பிளாஸ்டிக் ஊசிக்குழாயில் ஏற்றித் தயாராக வைத்துவிடாதீர்கள். அது பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வீரியம் குறைந்துவிடும். ஒளி படாமல் கண்ணாடிக் குப்பியிலேயே இருக்கட்டும். மாத்திரையாக வாய்வழியே கொடுக்க முயலவே கூடாது. இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் ஊருக்கு அருகில் எது என்பதையும் இன்றே தொலைபேசியில் கேட்டுக் குறித்துவையுங்கள். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் எது உங்களுக்கு அருகிலோ அங்கிருந்து விசாரிக்கத் தொடங்கலாம்.

வலிப்பு அடங்கிய பிறகு சீசர் சுவரில் முட்டிக்கொள்வதும், கண் தெரியாததுபோல் சுற்றிச்சுற்றி நடப்பதும், வெறிகொண்டதுபோல் சாப்பிடத் தேடுவதும் இயல்பானவை. சில மணி நேரத்தில், அரிதாக ஓரிரு நாளில், தெளிந்துவிடும். நன்றாக எழுந்து நின்று பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கும்போது கொஞ்சம் தண்ணீரும் சிறிது சோறும் கொடுங்கள்.

ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையே முதல் வலிப்பு வந்து, இடைப்பட்ட நாள்களில் நாய் முற்றிலும் இயல்பாக இருந்தால், பெரும்பாலும் அது பரம்பரைச் சார்புள்ள வலிப்பு நோய்தான். லாப்ரடார் இனத்தில் இது நன்கு அறியப்பட்டது. அதனால் சீசரை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். உண்ணிக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று தரப்படும் ஐசாக்சசோலின் வகை மாத்திரைகள் சில நாய்களில் வலிப்பைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்திருக்கிறது. சீசருக்கு வேறு வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

இந்த நோய் மறைந்துவிடும் என்று நான் வாக்களிக்க முடியாது. பத்தில் மூன்று நாய்கள் வரை மருந்துக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. அவற்றுக்குப் பொட்டாசியம் புரோமைடு, லெவெடிராசெட்டம் என்று கூடுதல் மருந்துகளைச் சேர்த்துப் பார்க்கிறோம். அவையும் பயனற்று, வலிப்புக்கும் வலிப்புக்கும் இடையே நாய் தன் இயல்புக்கே திரும்பாத நிலை வந்தால், நீங்கள் கேட்ட கேள்வியை அப்போது சேர்ந்து உட்கார்ந்து பேசலாம். சீசர் அங்கே இல்லை. காலை எட்டு, இரவு எட்டு என்று மாத்திரை நேரத்தைப் பையனின் பள்ளி அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். ஒரு நாள்காட்டியில் வலிப்பு வந்த தேதியையும் நீடித்த நிமிடங்களையும் எழுதுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரை கிடைக்காது. பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு முன்பு பட்டையில் எத்தனை மீதமிருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். இரண்டு வாரத்துக்குக் குறைவாக இருந்தால் அன்றே புதிய சீட்டு வாங்குங்கள்.