காது நரம்பில் கட்டி, மூன்று டாக்டர்கள், மூன்று யோசனை

அன்புள்ள ஐயா,

எனக்கு 47 வயது, கோவையில் சின்னதாக ஒரு துணிக்கடை. ஒரு வருடமாக இடது காதில் போனை வைத்தால் குரல் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை, கூடவே ஓயாத இரைச்சல். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் 1.3 செ.மீ. அக்கூஸ்டிக் நியூரோமா என்றார்கள். ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் காமா நைஃப் என்ற கதிர்வீச்சு சிகிச்சை, மூன்றாமவர் ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார். தலைக்குள் கட்டியை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது என்று வீட்டில் அழுகிறார்கள். உங்கள் அக்காவுக்கு இதே கட்டி இருந்ததாக எழுதியிருந்தீர்கள். நான் என்ன செய்ய?

பெயர் வேண்டாம், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வீட்டில் இதைச் சொல்லுங்கள்: இது புற்றுநோய் இல்லை, மூளையில் முளைத்ததும் இல்லை. காதிலிருந்து மூளைக்குப் போகும் சமநிலை நரம்பின் உறையில் வருவது. பல கட்டிகள் வருடக்கணக்கில் வளராமலே இருக்கும், வளர்ந்தாலும் பெரும்பாலும் வருடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான். 3 செ.மீ. தாண்டி மூளைத்தண்டை அழுத்தினால் பொதுவாக ஆபரேஷன்தான். உங்கள் அளவுக்கு மூன்று வழியுமே ஏற்கப்பட்டவை, அதனால்தான் மூன்று நல்ல டாக்டர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

போன கேட்புத்திறனை இந்த மூன்றில் எதுவும் திருப்பித் தராது, அதை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். நார்வேயில் 100 பேரை உடனே கதிர்வீச்சு எடுப்பவர்கள், ஸ்கேன் பார்த்துக் காத்திருப்பவர்கள் என்று இரு தரப்பாகப் பிரித்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், உடனே கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் நாலு வருடம் கழித்தும் கேட்புத்திறனில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காத்திருந்தவர்களில் பத்துக்கு நாலு பேருக்குக் கட்டி வளர்ந்து பிறகு கதிர்வீச்சு தேவைப்பட்டது. மீதிப் பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் அந்த நாலு வருடமும் சிகிச்சை இல்லாமலே இருந்தார்கள்.

காமா நைஃப் கட்டியை எடுப்பதில்லை, வளர்ச்சியை நிறுத்தப் பார்க்கிறது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நிறுத்தியும் விடுகிறது. சிகிச்சைக்குப் பின் முதல் ஸ்கேன்களில் கட்டி கொஞ்சம் வீங்கித் தெரியலாம், பயந்துவிட வேண்டாம். ஆபரேஷனில் பெரிய கவலை, ஒட்டியே போகும் முக நரம்பு. உள்காது வழியாகப் போனால் அந்தக் காது முழுசாகப் போய்விடும், வேறு வழிகளில் போனால் சிறிய கட்டிக்குக் காதைக் காப்பாற்ற ஓரளவு வாய்ப்பு உண்டு. ஆகவே எந்த வழியாகப் போவீர்கள், வருடத்துக்கு இப்படி எத்தனை கட்டி எடுக்கிறீர்கள், உங்கள் நோயாளிகளின் முகம் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். கூச்சமே வேண்டாம், நல்ல சர்ஜன் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அக்காவுக்குக் கட்டி வளர்வது ஸ்கேனில் தெரிந்த பிறகுதான் கதிர்வீச்சு எடுத்தோம். அந்தக் காது ஏற்கெனவே போயிருந்ததால் எங்களுக்கு முடிவு சுலபமாக இருந்தது, உங்களுக்கு அப்படி இல்லை. நான் டாக்டர் இல்லை, ஆனாலும் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: அந்த ஆறு மாத ஸ்கேன் வரை பொறுங்கள். பொறுப்பது என்றால் மறந்துவிடுவது இல்லை. இந்த ஆறு மாதத்துக்குள் காது இன்னும் மங்கலாம், அதைத் தெரிந்தேதான் பொறுக்க வேண்டும். நடுவில் முகம் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, காது சட்டென்று அடைத்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் ஓடுங்கள்.

அப்புறம், எம்.ஆர்.ஐ. சி.டி.யையும், சொல் எவ்வளவு புரிகிறது என்று பார்க்கிற சோதனையோடு சேர்த்து எடுத்த காது ரிப்போர்ட்டையும் கையில் வையுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் ஆபரேஷனும் உண்டு, காமா நைஃபும் உண்டு, கோவையிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம்தான். இரண்டையும் செய்கிற இடத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். அடுத்த ஸ்கேன் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.