இருட்டறைத் தியானத்தில் உருவங்கள் தெரிவது ஏன்?

நல்லூர்த் தம்பி ஒருவர் கேட்கிறார்: இருட்டறையில் தியானம் இருந்தால் நிறங்களும் முகங்களும் தெரிகின்றன, இது சித்தியா, வருத்தமா?

அநேகமாக இரண்டும் இல்லை. கண்ணுக்கு ஒன்றும் வராவிட்டாலும் மூளையின் பார்வைப் பகுதி சும்மா இராது. தானே படம் கீறத் தொடங்கிவிடும். முதலில் புள்ளிகள், கோலம் மாதிரிக் கட்டங்கள், அப்புறம்தான் முகங்கள்.

1950களில் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு மங்கல் கண்ணாடி மாட்டி, கைகளுக்கு மட்டை உறை போட்டு, காசும் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். சும்மா படுப்பதுதான் வேலை! ஆனாலும் பலர் சில நாட்களிலேயே எழும்பிப் போய்விட்டார்கள். பலருக்கு இல்லாத காட்சிகளும் தெரிந்தன.

உருவம் வந்தால் வரட்டும், நீங்கள் மூச்சைக் கவனியுங்கள். பகலிலும் குரல் கேட்டாலோ நித்திரை குழம்பினாலோ தியானத்தை நிறுத்திவிட்டு, யாழ். போதனா வைத்தியசாலையில் ஒருக்கால் காட்டுங்கள்.