ஐந்து வெண்டைக்காயின் விலை

வாசகர் கேள்வி – பதில்: வீட்டுத் தோட்டம்

கேள்வி: சென்ற ஆடியில் மாடியில் தோட்டம் போட்டேன். பைகள், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், விதைகள் என்று 1,500 ரூபாய் செலவாயிற்று. நான்கு வெண்டைச் செடிகளிலிருந்து முதல் வாரத்தில் கிடைத்தவை ஐந்து காய்கள். ‘ஒரு காயின் விலை 300 ரூபாய்’ என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் கணவர் சொல்லிச் சிரிக்கிறார். செடிகளுக்கு நடுவில் நிற்கும்போது மனத்துக்கு இதமாக இருக்கிறது என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல என்னிடம் வேறு பதில் இல்லை. உண்மையிலேயே இதில் லாபம் உண்டா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: உங்கள் கணவரின் வகுத்தலில் பிழை இல்லை, ஆனால் கணக்கை முதல் வாரத்திலேயே முடித்துவிட்டார். நல்ல பை இரண்டு, மூன்று ஆண்டுகள் உழைக்கும். அறுவடை முடிந்த மண்கலவையை வெயிலில் காயவைத்து, புதிதாக மண்புழு உரமும் சிறிது வேப்பம்புண்ணாக்கும் கலந்தால் அடுத்த பட்டத்துக்கு, அதாவது அடுத்த விதைப்புப் பருவத்துக்கு, அதுவே போதும். அப்படியிருந்தும், சந்தை விலையோடு மட்டும் போட்டியிட்டால் மாடித்தோட்டம் பெரும்பாலும் தோற்கும் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் வயலில் விளைவிப்பவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது.

நீங்கள் செய்த ஒரே தவறு நான்கு செடிகளோடு நிறுத்திக்கொண்டதுதான். விதைத்து ஏறக்குறைய 45 நாள்களில் காய்க்கத் தொடங்கும் வெண்டை, எல்லாக் காய்களையும் ஒரே நாளில் தருவதில்லை. செடிக்கு ஒன்றாக, இரண்டு நாள்களுக்கு ஒரு முறை தரும். நான்கு செடிகளின் காயைச் சேர்த்துவைத்துப் பொரியல் செய்யலாம் என்று காத்திருந்தால், முதலில் பறித்தது வாடியிருக்கும், பறிக்காமல் விட்டது நாராகியிருக்கும். பன்னிரண்டு செடிகளாவது இருந்தால்தான் சிறு குடும்பத்துக்கு ஒரு வேளைப் பொரியல் தேறும். இடம் இல்லையென்றால் வெண்டையை விட்டுவிட்டுக் கீரைக்கு மாறுங்கள். முளைக்கீரையை 25 நாள்களில் பிடுங்கிவிடலாம். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் அறுத்தெடுத்தால் அதே தூரிலிருந்து மறுபடியும் தழைக்கும்.

இனி, ‘மனத்துக்கு இதம்’ என்று நீங்கள் தயங்கிச் சொன்னதற்கு வருகிறேன். வெண்டைப்பூவைக் கவனித்திருப்பீர்கள். வெளிர்மஞ்சள் இதழும் நடுவில் கருஞ்சிவப்புமாகக் காலையில் விரியும் அந்தப் பூ அன்று மாலைக்குள்ளேயே வாடிவிடுகிறது. அடுத்த ஐந்தாறு நாள்களில் காய் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது. கடையில் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிறோமே, அந்தச் சோதனைக்கு இங்கே வேலையில்லை. அது எந்தக் கிழமை பூத்தது என்பதே உங்களுக்குத் தெரியும். மணத்தக்காளியை எடுத்துக்கொண்டால், காய்ந்த வற்றலும் கீரைக்கட்டும் கடையில் கிடைக்கின்றன. ஆனால் கனிந்து கறுத்த பழம், கை பட்டாலே நசுங்கிவிடுவதால், சந்தைக்கு வந்து சேர்வதே இல்லை. அதன் இனிப்பை அறிந்தவர்கள் செடி வைத்திருப்பவர்களும் அவர்கள் வீட்டுக் குழந்தைகளுமே. சந்தையில் விலையே இல்லாத இத்தகைய பொருளுக்கு உங்கள் கணவர் எந்த எண்ணால் வகுப்பார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை வெண்டைக்காயைப் பறிக்கும் வேலையையும் அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி: தைப் பொங்கல் முடிந்த கையோடு பந்தல் அவரை விதைத்தேன். கொடி மாடி முழுவதும் படர்ந்துவிட்டது; ஐந்து மாதமாகியும் ஒரு பூ கூட இல்லை. விதை விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், மதுரை

பதில்: விதை விற்றவர் மீது பழி வேண்டாம். பந்தல் அவரை, பகல் பொழுது குறுகும்போது மட்டுமே பூக்கும் இயல்புடையது. தையில் விதைத்த கொடி வளர்ந்து பூக்கும் பருவத்தை எட்டுவதற்குள் பகல் நீண்டுவிடுகிறது. ஆகவே அது இலையை மட்டும் விட்டுக்கொண்டு காத்திருக்கிறது. மதுரையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கடிகாரம் கட்டிக்கொண்டிருக்கும் நாம் கவனிக்காத அந்தச் சிறு மாற்றத்தை ஓர் அவரைக்கொடி கணக்கில் வைத்துக்கொள்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று முன்னோர் சொல்லிவைத்ததன் பொருளை அவரை விதைத்தவர்களே முழுமையாக உணர்வார்கள்.

இப்போதைக்குக் கொடியைப் பிடுங்க வேண்டாம். பாதியளவு வெட்டிக் கவாத்து செய்து, தழைச்சத்து மிகுந்த உரங்களை நிறுத்தி, அளவாகத் தண்ணீர் ஊற்றி வாருங்கள். கொடி திடமாக இருந்தால் மழைக்காலம் கழிந்து பூக்க வாய்ப்புண்டு, மார்கழியில் காயும் பறிக்கலாம். எல்லாப் பட்டத்திலும் காய் வேண்டுமென்றால், பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரையை விதையுங்கள். சுவையில் பந்தல் அவரைக்கு அது ஈடாகாது என்பது என் சொந்தக் கருத்து.

கேள்வி: எங்கள் கறிவேப்பிலைக் கன்றில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருந்தவை சில நாள்களில் பச்சைப் புழுக்களாகி, இலைகளைத் தின்று காம்பை மட்டும் விட்டுவைக்கின்றன. மருந்தடிக்கலாம் என்றால் எட்டு வயது மகள் கூடாது என்று அழுகிறாள்.
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: உங்கள் மகளின் பக்கம்தான் நானும். அவை பெரிய வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள். எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை ஆகியவை ஒரே குடும்பத்துத் தாவரங்கள். அவற்றின் இலையைத் தேடிவந்தே அந்தப் பூச்சிகள் முட்டையிடுகின்றன. இளம்பருவத்தில் எச்சம் போலத் தோன்றுவது பறவைகளின் கண்ணிலிருந்து தப்புவதற்கான வேடம். வளர்ந்த பச்சைப் புழுவை ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற கொம்பை நீட்டி ஒரு நெடியைக் கிளப்பும், மகளிடம் காட்டுங்கள்.

கன்று சிறியது என்பதால் எல்லாப் புழுக்களையும் அதிலேயே விட முடியாது. இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அக்கம்பக்கத்தில் உள்ள பெரிய எலுமிச்சை மரத்துக்கோ கறிவேப்பிலை மரத்துக்கோ மாற்றிவிடுங்கள். எந்த மருந்தும் தெளிக்க வேண்டாம். ரசத்தில் போடப்போகும் இலை அது. புழுக்கள் கூட்டுப்புழுவான பிறகு கிளை நுனிகளைக் கிள்ளிவிட்டு, வேரில் புளித்த மோரை நீர் கலந்து ஊற்றுங்கள். பக்கக் கிளைகள் அடர்த்தியாகத் துளிர்க்கும்.

கேள்வி: சுரைக்கொடியில் பூக்கள் எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. ஏன்?
– வாசகர், கடலூர்

பதில்: முதலில் வருபவை ஆண் பூக்கள், அவை உதிரத்தான் வேண்டும். அடியில் விரல் நுனியளவு பிஞ்சு தெரிவதே பெண் பூ. அதுவும் உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று கொள்ளலாம். சுரை மாலையில் மலர்வது. ஆகவே அந்தி நேரத்தில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பூசணிக்கும் பாகலுக்கும் இதையே காலையில் செய்ய வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது எழுபது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் மூன்று மணி நேரமே வெயில் விழுகிறது. குனிந்து நிமிர்ந்து வேலை செய்யவும் முடியாது. மூலிகைகள் வளர்க்க ஆசை, எவற்றை வைக்கலாம்?
– வாசகர், சென்னை

பதில்: ஐயா, காய்கறிகளுக்கு அந்த வெயில் போதாது; ஆனால் உங்கள் ஆசைக்குப் போதும். தொட்டிகளை இடுப்புயர மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். கற்பூரவல்லியின் ஒரு தண்டை ஒடித்து மண்ணில் செருகினாலே வேர் பிடித்துவிடும்; இலை ரசத்துக்கும் பஜ்ஜிக்கும் ஆகும். கடையில் வாங்கிய புதினாவின் தடித்த தண்டுகளை இலை நீக்கித் தண்ணீரில் வைத்தால், சில நாள்களில் வேர் விடும். வல்லாரைக்கு ஈரம் குறையவே கூடாது. துவையலுக்கு வேண்டியதைக் கிள்ளிக்கொண்டே இருக்கலாம். துளசி மட்டும் வெயிலை விரும்புவது. வெளிச்சம் மிகுந்த மூலையை அதற்குக் கொடுத்துவிடுங்கள், பூங்கதிர் வரும்போதெல்லாம் கிள்ளிவிடுங்கள். இவற்றைச் சமையலில் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் மருத்துவர் எழுதித்தந்த மாத்திரைகளுக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: ஒரு வெற்றிலைக்கொடி வையுங்கள். கொடிக்கால்கள் எனப்படும் வெற்றிலைத் தோட்டங்களில் அதை அகத்தி மரங்களின் நிழலில்தான் வளர்க்கிறார்கள். ஆகவே உங்கள் பால்கனியின் நிழல் அதற்குக் குறையே அல்ல. கணுவோடு கூடிய துண்டு ஒன்று போதும். கொடி பற்றி ஏறுவதற்கு ஜன்னல் கம்பியில் சாக்குத் துணியைச் சுற்றி நனைத்துவையுங்கள்.