வாய் அசையாத தாமஸ்

அன்புள்ள ஐயா,

'தாமஸ் அண்ட் ஃபிரெண்ட்ஸ்' ரயில் தொடரை என் நான்கு வயது மகனோடு சேர்ந்து பார்க்கிறேன். மாதிரி ரயில்களை வைத்து எடுத்த பழைய கதைகளைப் போட்டால், "வாயே அசையலப்பா, வேற போடு" என்கிறான். எனக்கோ கம்ப்யூட்டரில் செய்த தாமஸைப் பார்த்தால் உயிரே இல்லாத மாதிரி இருக்கிறது. குழந்தைக்குப் பிடித்ததில் நான் குறை காண்கிறேனோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குறை காண்பதாக நினைக்க வேண்டாம். ஆனால் உங்கள் மகன் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறான். பழைய தாமஸின் அழகே அந்த அசையாத வாயில் இருந்தது என்பேன்.

1984இல் பிரிட்டனில் தொடர் தொடங்கியபோது, இயக்குநர் டேவிட் மிட்டனின் குழு மாதிரி ரயில்களை நிஜமாகவே தண்டவாளத்தில் ஓடவிட்டுப் படமெடுத்தது. இன்ஜின்களின் கண்கள் மட்டும் ரிமோட்டில் திரும்பும். தாமஸுக்குக் கோபம் வர வேண்டுமென்றால், கேமராவை நிறுத்திவிட்டு, சிரித்த முகத்தைக் கழற்றிக் கோப முகத்தை மாட்ட வேண்டும். பேசுவதற்கு ஒரே ஒரு கதைசொல்லிதான். முதல் இரண்டு சீசன்களிலும் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ரிங்கோ ஸ்டார். தாமஸும் அவரே, இன்னொரு இன்ஜினான பெர்சியும் அவரே, அதட்டுகிற ரயில்வே அதிகாரி சர் டாப்பம் ஹாட்டும் அவரே.

கதைகள் பிறந்த விதமும் அப்படித்தான். வில்பர்ட் ஆட்ரி என்ற பாதிரியார், தட்டம்மை வந்து படுத்திருந்த தன் மகனுக்குச் சொன்ன கதைகள் அவை. முதல் புத்தகம் 1945இல் வந்தது. ஒரு படம், பக்கத்தில் அப்பாவின் குரல். மாதிரி ரயில் காலத்துத் தொடர் இந்த ஏற்பாட்டைக் கலைக்கவே இல்லை. உறைந்த முகத்துக்கும் அந்தக் குரலுக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் குழந்தை தானே நிரப்பிக்கொண்டது.

2008இல் வந்த 12ஆவது சீசன் பாதிக் கிணறு தாண்டியது. உடல் மாதிரி ரயில், முகம் கம்ப்யூட்டர். என்னால் அதை ஒட்டிப் பார்க்கவே முடியவில்லை. மறுவருடம் 'ஹீரோ ஆஃப் த ரெயில்ஸ்' படத்தில் எல்லாமே கம்ப்யூட்டருக்குப் போனது. வான்கூவரின் நைட்ரஜன் ஸ்டுடியோஸ் செய்தது. ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியாக ஒரு நடிகரின் குரல் வந்தது. உங்கள் மகன் பார்த்துப் பழகியது இதைத்தான்.

அதில் நல்லதும் உண்டு. முன்பு மரக்கட்டைபோல் நின்ற மனிதர்கள் நடந்தார்கள், கைகாட்டினார்கள். அப்புறம் புகை. இன்ஜினைச் சிறிதாகச் செய்யலாம், புகையையும் தண்ணீரையும் சிறிதாக்க முடியாது. மாதிரி ரயில் மேல் விழும் ஒரு துளி, பந்து அளவுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எடை போய்விட்டது. பழைய தொடரில் பெட்டிகள் கவிழும்போது நிஜமான ஒரு பொருள் விழுந்தது; கண் அதை உடனே நம்பியது. புதியதில், ஆரம்ப வருடங்களிலாவது, இன்ஜின்கள் தண்டவாளத்தின் மேல் மிதப்பதாகவே எனக்குத் தெரிந்தது.

ஒன்று செய்து பாருங்கள். முதல் சீசனில் ஹென்றி என்ற இன்ஜினின் கதை இருக்கிறது. மழையில் தன் பச்சைப் பெயின்ட் கெட்டுவிடும் என்று சுரங்கத்துக்குள் ஒளிந்துகொள்வான். எவ்வளவு சொல்லியும் வெளியே வர மாட்டான். கடைசியில் தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டு, அவன் முன்னால் செங்கல் சுவர் எழுப்பிவிடுவார்கள். அதைப் போட்டு, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, நீங்களே தமிழில் கதை சொல்லுங்கள். ஹென்றிக்கு ஒரு குரல், சர் டாப்பம் ஹாட்டுக்கு ஒரு குரல். சுவருக்கு மேலே ஹென்றியின் கண்கள் மட்டும் தெரியும் இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். பையன் என்ன கேட்டான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.