துறைத்தலைவர் யார் பக்கம்?

கேள்வி: கல்லூரியில் துறைத்தலைவராகப் பொறுப்பேற்று ஆறு மாதம் ஆகிறது. நிர்வாகத்தின் ஆளாகிவிட்டேன் என்று சக ஆசிரியர்கள் வருத்தப்படுகிறார்கள். துறையை நான் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவில்லை என்கிறார் கல்லூரி முதல்வர். யாருக்கு நான் பதில் சொல்வது?

பதில்: இருவருக்கும்தான். இரண்டு புகாரும் சேர்ந்து வருவதால் நீங்கள் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். தலைமை என்ற ஒரே சொல்லுக்கு இரு தரப்பும் வேறு வேறு பொருள் வைத்திருக்கிறார்கள். நிர்வாகத்தைப் பொறுத்தவரை, கேட்ட விவரத்தை நாள் தவறாமல் அனுப்புகிறவரே நல்ல துறைத்தலைவர். ஆசிரியர்களுக்கோ, தங்கள் நேரத்தையும் பாடத்தையும் காத்துக் கொடுப்பவர்தான் தலைவர்.

இந்த இழுபறி இன்று வந்ததல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் 1966-ஆம் ஆண்டு அறிக்கை, துறைத்தலைவரை நிறுவனத்துக்குள் துறையின் முதன்மைப் பிரதிநிதி என்றே குறிப்பிடுகிறது. அவரைத் துறையினர் தேர்ந்தெடுக்கலாம்; நிர்வாகம் நியமித்தால் அவர்களைக் கலந்தே நியமிக்க வேண்டும்; பதவியும் நிரந்தரமாக இருக்கக்கூடாது என்கிறது.

நடைமுறைக்கு வருவோம். ஆசிரியர்களின் நம்பிக்கை பெரும்பாலும் பணிச்சுமைப் பட்டியலில்தான் கூடும், அல்லது உடையும். கால அட்டவணையை அறைக்குள் தனியாகப் போட்டு ஒட்டாதீர்கள். யாருக்கு எத்தனை மணி நேரம், எத்தனை ஆய்வகம், எத்தனை விடைத்தாள் என்பதை ஒரே தாளில் எழுதி, துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் வையுங்கள். முதல் ஆண்டின் பெரிய வகுப்பும் காலை முதல் மணியும் எப்போதும் இளையவர்கள் தலையிலேயே விழுகின்றனவா என்று பாருங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் முதலில் தேடுவார்கள். ஒரு முதல் ஆண்டு வகுப்பையாவது நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலிருந்து வரும் சுற்றறிக்கையை அப்படியே முன்னனுப்புவதையும் விடுங்கள். முதல்வரிடம் நீங்கள் எதைக் கேட்டீர்கள், எது கிடைத்தது, எது மறுக்கப்பட்டது, ஏன் என்பதை நான்கு வரியில் சேர்த்து அனுப்புங்கள். கேட்டுத் தோற்றதும் துறைக்குத் தெரியட்டும். அதை மறைத்தால்தான் சந்தேகம் வளரும்.

முதல்வரிடம் பிரச்சினையை மட்டும் கொண்டு போகாதீர்கள். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால், எந்தெந்தப் பாடவேளை ஆளில்லாமல் நிற்கிறது, அதை இப்போது யார் சுமக்கிறார் என்று எழுத்தில் கொடுங்கள். கெட்ட செய்தியை அவர் வேறு யார் வாயிலாகவும் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சக ஆசிரியர் தனிமையில் சொன்ன குறையை மட்டும் அவர் அனுமதி இல்லாமல் மேலே கொண்டு போகாதீர்கள். அந்தத் தவறு ஒருமுறை நடந்துவிட்டால், பிறகு உங்கள் அறைக் கதவை யாரும் தட்டமாட்டார்கள்.