ஏர் பிரையரில் தட்டை வடை சுடலாமா?

கனடாவில் இருக்கும் தம்பி ஏர் பிரையர் ஒன்றை அனுப்பவிருப்பதாகவும், கொலஸ்ரோல் கூடியிருப்பதால் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லிவிட்ட தாயாருக்கு அதில் வடையும் பணியாரமும் செய்து கொடுக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பு நாங்களும் ஏறக்குறைய இதே நிலையில் இருந்தோம். ஆகவே யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக் குசினியில் நடந்ததை வைத்தே பதில் சொல்கிறேன். வடையும் பணியாரமும் அதில் வராது. வேறு சில வேலைகளுக்கு அந்தக் கருவி நன்றாக உதவுகிறது. ஆனால் எதற்கும் முன்னதாக, அதைக் கனடாவில் வாங்க வேண்டாம் என்று தம்பியிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

எங்கள் அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து வந்தபோது, பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஓர் ஏர் பிரையரைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் ஆசையோடு அதைப் பிரித்து மேசையில் வைத்து, வயரைச் செருகப் போன நேரத்தில், என் கணவர் கருவியைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த சிறிய தாளை வாசித்தார். 120 வோல்ற்று, 60 ஹேட்ஸ், 1500 வாற்று என்று அதில் இருந்தது. எங்கள் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ். வெப்பச் சுருள் உள்ள கருவிக்கு வோல்ற்றளவு இரண்டு மடங்கானால் அது இழுக்கும் வலு நான்கு மடங்காகும் என்பதால், 1500 வாற்றுக் கருவி அந்தக் கணத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வாற்றை இழுக்கப் பார்த்திருக்கும். ரிப் சுவிச் விழுந்து நின்றிருந்தால் அதிர்ஷ்டம், விழாவிட்டால் சுருள் எரிந்திருக்கும். வோல்ற்றளவைக் குறைக்கும் ரான்ஸ்போமர் வாங்கலாம் என்று அண்ணா சொன்னார். 1500 வாற்றை நெடுநேரம் தாங்கக்கூடிய ரான்ஸ்போமர் விலையிலும் பாரத்திலும் ஏர் பிரையரையே மிஞ்சிவிடும் என்று விசாரித்தபோது தெரிந்தது. கருவி திரும்ப ரொறன்ரோவுக்கே போனது. லண்டன், பாரிஸ், சூரிச் போன்ற இடங்களில் இருந்து வருவனவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கும் 230 வோல்ற்று என்பதால் பிளக் வடிவத்தை மட்டும் பார்த்தால் போதும்.

அண்ணா தந்த காசில் இங்கேயே 230 வோல்ற்றுக் கருவி ஒன்றை வாங்கினோம். அதிலும் ஒரு பிழை விட்டோம். எங்கள் வீடு பழைய வயறிங் உள்ள வீடு. குசினியில் உருண்டைக் கம்பி செருகும் 5 அம்பியர் பிளக் பொயின்ற் ஒன்றுதான் இருந்தது. சதுரக் கம்பிப் பிளக்கை அடப்ரர் ஒன்றின் வழியாக அதில் செருகி ஓடவிட்டோம். 1500 வாற்றை 230 ஆல் வகுத்தால் ஆறரை அம்பியர் வருகிறது என்ற கணக்கை அப்போது யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது நாள், அம்மா குசினி வாசலில் நின்று, "பிள்ளை, பிளாஸ்ரிக் கருகிற மணம் வருது, என்னெண்டு பார்" என்று கூப்பிட்டார். அடப்ரரின் ஒரு பக்கம் பழுப்பாகி இளகியிருந்தது. மறுநாள் வயறிங் செய்பவரை அழைத்து, மெயின் சுவிச்சில் இருந்து தனி வயர் இழுத்து, 13 அம்பியர் பொயின்ற் ஒன்று போட்டோம். உங்கள் வீடும் பழைய வீடு என்றால், கருவி வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

இனிப் பலகாரத்துக்கு வருகிறேன். முதலில் முயன்றது தட்டை வடை, அதாவது பருத்தித்துறை வடை. தட்டையாகவும் உறுதியாகவும் இருக்கும் பண்டம் என்பதால் அதுதான் சரிவரும் என்று நம்பினேன். ஊறிய உளுந்து, மா, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் வழக்கமான அளவிலேயே சேர்த்தேன். வாழையிலைத் துண்டில் மெல்லிசாகத் தட்டி, மேலே விரலால் எண்ணெய் தொட்டுப் பூசி, 180 பாகையில் பன்னிரண்டு நிமிடம் வைத்தேன். வெளியே வந்த வடைக்கு நிறம் இருந்தது, கறிவேப்பிலை மணமும் இருந்தது. அம்மா வடை தின்னுவதற்கு முன் எப்போதும் செய்வதுபோல, ஒன்றை எடுத்துக் காதருகே பிடித்து இரண்டாக உடைத்தார். பிறகு, "இதுக்குச் சத்தம் இல்லை" என்று சொல்லிக் கீழே வைத்தார். கடித்துப் பார்த்தபோது அவர் சொன்னதன் பொருள் விளங்கியது. மாப்பகுதி காய்ந்த ரொட்டிபோல இறுகியிருந்தது, உளுந்து பல்லில் கல்லாக அகப்பட்டது.

பனங்காய்ப் பணியாரத்தின் கதை அதைவிட மோசம். அது ஆவணி மாதம், பனம்பழம் விழும் காலம். பழத்தைச் சுட்டுத் தோலுரித்து, பிசைந்து களியெடுத்து, தும்பு போகத் துணியில் வடித்து, சீனி சேர்த்துக் காய்ச்சி, மா கூட்டி வைத்த அம்மாவின் அரைநாள் வேலை அது. அந்தக் கலவையைக் கூடையில் சிறு சிறு உருண்டையாக இட்டபோது, உருண்டை உருண்டையாக நிற்கவில்லை. ஓட்டைகள் வழியாக வழிந்து அடித்தட்டில் விழுந்து கருகியது. அதைச் சுரண்டிக் கழுவ ஒரு மணித்தியாலம் பிடித்தது. மிகுதிக் களியை மறுநாள் சிறிய கடதாசிக் கிண்ணங்களில் ஊற்றி வைத்தேன். அது பொங்கி, மென்மையாக, நல்ல மணத்தோடு வந்தது, பிள்ளைகள் ஒன்றையும் மிச்சம் விடவில்லை. அம்மாவும் விரும்பித்தான் சாப்பிட்டார், ஆனால் அதைக் கேக் என்றுதான் அழைத்தார், அது சரியான பெயர்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை விளங்கிக்கொண்டால் வேறு பலகாரங்களைப் பற்றி நீங்களே முடிவெடுக்கலாம். ஏர் பிரையர் என்பது பெயரில் பொரிப்பதாக இருந்தாலும் உண்மையில் ஒரு சிறிய வெதுப்பி. மேலே ஒரு வெப்பச் சுருள், அதற்கு மேலே ஒரு காற்றாடி, சூடான காற்றை வேகமாகச் சுழற்றுவதுதான் அதன் வேலை. எண்ணெயோ 170, 180 பாகையில் பண்டத்தை எல்லாப் பக்கமும் ஒட்டிப் பிடித்து, காற்றைவிடப் பன்மடங்கு விரைவாக வெப்பத்தைக் கொடுக்கிறது. அதனால்தான் தாச்சியில் விழுந்த களியின் மேற்பரப்பு வழிந்தோட நேரமில்லாமல் உடனே இறுகி உருண்டையாக நிற்கிறது, உள்ளேயுள்ள நீர் ஒரேயடியாக நீராவியாகிப் பீறி வெளியேறி, தட்டை வடையில் அந்தச் சிறு சிறு கொப்புளங்களை எழுப்புகிறது. அம்மா எதிர்பார்த்த சத்தம் அந்தக் கொப்புளங்களின் மெல்லிய ஓடு உடையும் சத்தம். சூடான காற்று அதே மாவை மெதுவாக உலர்த்துகிறது, கொப்புளம் எழுவதற்கு முன்பே மா கட்டியாகிவிடுகிறது. உளுந்து வடை, வாய்ப்பன், சுசியம் என்று தளர்ந்த மாவில் செய்யும் எதற்கும் இதே கதிதான்.

அப்படியானால் அந்தக் கருவியால் என்ன பயன் என்று கேட்பீர்கள். மாரி காலத்தில்தான் அதன் அருமை தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரின்னில் போட்டு மூடிவைத்த தட்டை வடையும் முறுக்கும் மிக்சரும் நாலு நாளில் நமத்துவிடும், முன்பெல்லாம் அவற்றை வீசவும் மனமில்லாமல், தின்னவும் பிடிக்காமல் வைத்திருப்போம். இப்போது 150 பாகையில் மூன்று நிமிடம் வைத்து எடுத்து ஆறவிட்டால் வடை திரும்பவும் உடைபடும் பதத்துக்கு வருகிறது. நமத்ததற்குக் காரணம் காற்றில் இருந்து உறிஞ்சிய ஈரம் மட்டுமே, ஈரத்தை உலர்த்துவதில் இந்தக் கருவி கெட்டிக்காரன். கச்சானும் அதில் அருமையாக வறுபடுகிறது. 160 பாகையில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கிக் கொடுத்தால், நல்லூர் வீதியில் மணலில் வறுத்து விற்பதற்குக் கிட்டத்தட்ட நிகராக இருக்கும். றோல்ஸ், கட்லற் போன்றவற்றை வெளியே உள்ள ரஸ்க் தூள் காப்பாற்றிவிடுகிறது, மேலே சிறிது எண்ணெய் தெளித்தால் போதும். மிக்சரைச் சூடாக்கும்போது மட்டும் கறிவேப்பிலையை முதலில் பொறுக்கி எடுத்துவிடுங்கள். காற்றாடியின் இழுப்பில் இலை மேலே பறந்து சுருளில் ஒட்டிக் கருகுகிறது.

உங்கள் தாயாரைப் பற்றிய கேள்விக்கு என் பதில் இதுதான். எண்ணெய்ப் பலகாரத்தை எண்ணெய் இல்லாமல் செய்ய முயலாமல், முதலில் இருந்தே எண்ணெய் தேவைப்படாத பலகாரத்தை அவருக்குக் கொடுங்கள். யாழ்ப்பாணத்தில் அதற்குக் குறைவே இல்லை, நாங்கள்தான் பேக்கரிப் பண்டங்களின் பழக்கத்தில் அவற்றை மறந்திருந்தோம். மாலைத் தேத்தண்ணியோடு ஒரு நாள் அவித்த கடலை, ஒரு நாள் பயறு உள்ளே வைத்த கொழுக்கட்டை, ஒரு நாள் புழுக்கொடியல் என்று அம்மாவுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கிறோம். தை மாதத்தில் பனம்பாத்தியைக் கிண்டிக் கிழங்கெடுத்து, அவித்துக் காயவைத்தால் அந்தப் புழுக்கொடியல் மாதக்கணக்கில் இருக்கும். அம்மாவின் பல்லுக்கு அது கடினம் என்பதால், தும்பும் நடுவிலுள்ள பீலியும் நீக்கிய துண்டுகளை உள்ளி, மிளகாய், உப்போடு உரலில் இடித்துத் துவையலாக்கிக் கொடுக்கிறேன். மிக்சியில் அரைத்துப் பார்த்தேன். அது தூளாகிறதே தவிர, உலக்கையின் கீழ் நசிந்து ஒன்றோடொன்று ஒட்டும் பதம் வருவதில்லை. வழக்கமாகச் சேர்க்கும் தேங்காய்ச் சொட்டும் கொழுப்புத்தான் என்பதால் அவருக்கு இரண்டு துண்டுக்கு மேல் வைப்பதில்லை.

தட்டை வடையை முற்றாக நிறுத்தவும் இல்லை. வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தாச்சியில், நல்ல எண்ணெயில், முறைப்படி சுடுகிறோம். அம்மாவுக்கு இரண்டு வடை. அந்த இரண்டிலும் எண்ணெய் குறைவதற்கு அம்மாவின் பழைய கைவழக்கமே உதவுகிறது. அவர் மாவில் ஒரு துளி கிள்ளிப் போட்டு, அது உடனே மேலே எழுந்தால்தான் முதல் வடையை இடுவார். கொதிப்புச் சத்தம் அடங்கியதும் எடுத்து, தாச்சிக்கு மேலேயே இரண்டு தரம் உதறி, கடதாசி விரித்த ஓலைப்பெட்டியில் படுக்கவிடாமல் நிறுத்தி அடுக்குவார். பொரியும்போது நீராவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே போவதில்லை. எடுத்து ஆறத் தொடங்கும்போதுதான் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயைப் பண்டம் உள்ளே இழுக்கிறது. ஆகவே அந்த உதறலும் நிறுத்தி அடுக்குவதும் வெறும் சம்பிரதாயம் அல்ல. எண்ணெயைப் பொறுத்தவரை, தேங்காயெண்ணெயின் கொழுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு என்பதால், எதில் பொரிக்கலாம் என்பதையும் வைத்தியரிடமே கேட்டுவிடுங்கள்.

மின்கட்டணம் பற்றியும் ஒரு வார்த்தை. 1500 வாற்றுக் கருவி இருபது நிமிடம் இடைவிடாமல் ஓடினால் அரை அலகு. மாதத்தில் அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் ஏறுவதால் தினமும் ஓட்டுவது கட்டுப்படியாகாது, மூன்று நிமிடச் சூடாக்கலுக்குப் பெரிதாக எதுவும் வராது. ஏர் பிரையர் வந்துவிட்டதென்று விறகடுப்பை இடித்துவிடவும் வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்று, காஸும் கிடைக்காமல் போனபோது, பொச்சுமட்டையும் ஊமலும் (கிழங்கெடுத்தபின் மிஞ்சும் பனங்கொட்டை) வைத்து எரித்த அந்த அடுப்பில்தான் எங்கள் மூன்று வேளைச் சாப்பாடும் நடந்தது.

கடைசியாக, தம்பியிடம் கருவிக்குப் பதிலாகக் காசை அனுப்பச் சொல்லி இங்கேயே வாங்கினால், இலக்கங்கள் ஒளிரும் திரையும் தொடு பொத்தான்களும் இல்லாத, கையால் திருகும் இரண்டு குமிழ் மட்டும் உள்ள மலிவான வகையையே கேட்டு வாங்குங்கள். எங்களுடையது அந்த வகைதான். அம்மாவின் கண்ணுக்கு அதிலுள்ள சிறிய இலக்கங்கள் தெரியாததால், என் மகள் 150 பாகைக்கு நேரே சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டும், மூன்று நிமிடத்துக்கு நேரே இன்னொரு பொட்டும் வைத்திருக்கிறாள். மழை நாட்களில் நான் பாடசாலையில் இருந்து வரும்போது, அம்மா தன் கையாலேயே வடையைச் சூடாக்கி வைத்துவிட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டு நிற்பார்.